கறுப்பின வரலாற்று மாத நடன விழா: ஊர் கூடி மேடையேற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

1739 செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கிளர்ந்தெழுந்து மேளம் முழங்க அணிவகுத்தார்கள். கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது. மறு ஆண்டே வந்த சட்டம் அவர்கள் மேளமும் கொம்பும் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கூட்டம் சேர்க்கவும் செய்தி சொல்லவும் மேளம் உதவும் என்று எசமானர்கள் அஞ்சினார்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் அதே சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மேளம் பறிபோய், எழுத்தும் மறுக்கப்பட்ட பிறகு எஞ்சியிருந்தது உடல். கைதட்டலிலும் தொடைத்தட்டலிலும் குதிகாலின் ஒலியிலும் அந்த மக்கள் தங்கள் தாளத்தைக் காப்பாற்றி, பிள்ளைகளுக்குக் கைமாற்றினார்கள். ஆகவே கறுப்பின வரலாற்றைக் கொண்டாடும் விழாவில் நடனத்தை உரைகளுக்கு நடுவே வரும் இடைவேளைக் கேளிக்கையாக வைப்பது தவறு. அந்த வரலாற்றின் மூல ஆவணங்களில் நடனமும் ஒன்று. அப்படி நினைத்து வேலை செய்தால் விழாவின் ஒவ்வொரு முடிவும் மாறும்.

அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் பள்ளிகள், தேவாலயங்கள், நூலகங்கள், சமூகக் கூடங்கள் என்று பல இடங்களில் இத்தகைய நடன நிகழ்ச்சிகள் ஆண்டு வழக்கமாக நடக்கின்றன. கனடாவிலும் பிப்ரவரிதான். பிரிட்டனில் அக்டோபர். அங்கெல்லாம் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் விழாக் குழுவில் ஏதோ ஒரு பொறுப்பு வந்து சேர்வதுண்டு. அவர்களையும், இந்தக் கலையை நெருங்கி அறிய விரும்புகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். அமெரிக்காவில் நடுத்தரமான ஓர் ஊர், 300 இருக்கைகள் கொண்ட அரங்கு, பிப்ரவரியில் ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: தலைமை யாரிடம்?

விழாவின் தலைமை அந்த ஊரின் கறுப்பின மக்களிடம் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மற்றவர்கள் நாற்காலி போடலாம், பணம் திரட்டலாம், அரங்குக்கு அலையலாம், ஆடவும் செய்யலாம். எந்தக் கதையைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவு அவர்களுடையது.

எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால், ஊரிலுள்ள கறுப்பினத் தேவாலயங்களில் தொடங்குங்கள். பெரும்பாலானவற்றில் இசைக்குழுவும், வழிபாட்டு நடனக் குழுவும் இருக்கும். நடனப் பள்ளி நடத்தும் கறுப்பின ஆசிரியர்கள், உள்ளூர் வரலாற்றுச் சங்கம், 'டிவைன் நைன்' எனப்படும் ஒன்பது கறுப்பினக் கல்லூரிச் சகோதரத்துவ அமைப்புகளின் பட்டதாரிக் கிளைகள் ஆகியோரையும் தேடிப் பாருங்கள். முதல் கேள்வி, "இங்கே ஏற்கெனவே இப்படி ஒரு விழா நடக்கிறதா?" என்பதாக இருக்கட்டும். ஏதோ ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் அது பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கக்கூடும். நடந்தால் அதில் சேர்ந்து உழையுங்கள். போட்டி விழா வேண்டாம்.

கலைஞர்களுக்குப் பணம் கொடுங்கள். "நல்ல மேடை தருகிறோம்" என்பது ஊதியம் ஆகாது. ஆண்டு முழுவதும் யாரும் தேடாத கறுப்பின நடனக் கலைஞர்களைப் பிப்ரவரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கிறார்கள். ஜனவரியில் தொலைபேசியை எடுத்தால் நல்ல ஆசிரியர் ஒருவரும் கிடைக்கமாட்டார். முந்தைய ஆகஸ்ட் அல்லது செப்டம்பரிலேயே பேசி, ஊதியம், ஒத்திகைகளின் எண்ணிக்கை, பயணச் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். வட மாநிலங்களில் பனிப்புயலுக்காக ஒரு மாற்றுத் தேதியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஓர் இழையைத் தேர்ந்தெடுப்பது

இந்த மாதத்தின் வேர் 1926-இல் இருக்கிறது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் ஜி. வுட்சன் என்ற வரலாற்றாசிரியர், அந்த ஆண்டு பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரமாக அறிவித்தார். ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடியது பிப்ரவரி 14. கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்த இரண்டு நாள்களும் அந்த வாரத்தில் வருவதால்தான் அந்தத் தேர்வு. 1970-இல் ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது ஒரு மாதமாக விரிந்தது. 1976-இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு அதற்கு அரசு அங்கீகாரம் அளித்தார்.

வுட்சன் 1915-இல் தொடங்கிய சங்கம் இன்றும் ஆண்டுதோறும் ஒரு மையப்பொருளை அறிவிக்கிறது. 2024-இல் கலைகள், 2025-இல் உழைப்பு, 2026-இல் இந்தக் கொண்டாட்டத்தின் நூற்றாண்டு. இதை அடியொற்றிப் போனால் ஆண்டுக்காண்டு விழா தன்னால் மாறும். உழைப்பு என்ற பொருளுக்கு எத்தனை நடனங்கள் என்று பாருங்கள்: தண்டவாளத்தை நெம்பி நேராக்கும்போது தொழிலாளர்கள் பாடிய பாட்டுகளின் தாளம், பருத்திக் காட்டின் குனிந்த முதுகு, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸைத் தட்டி உருவாக்கிய கம்பூட் நடனம்.

இப்படிப்பட்ட விழாக்களில் அடிக்கடி காணும் பலவீனம், அடிமைக் கப்பலில் தொடங்கி ஒபாமாவில் முடியும் ஓட்டம். 400 ஆண்டுகளை 90 நிமிடத்தில் அடைக்கும்போது ஒன்றும் மனத்தில் நிற்பதில்லை. ஓர் இழையைப் பிடியுங்கள். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்கும் மேற்குக்கும் புலம்பெயர்ந்தார்கள். உங்கள் ஊருக்கு வந்தவர்கள் எந்த மாநிலத்திலிருந்து, எந்த ரயிலில் வந்தார்கள்? வந்து எங்கே ஆடினார்கள்? இந்த ஒரு கேள்வியே ஒரு முழு மாலைக்குப் போதும்.

மூன்றாம் படி: முதியவர்களிடம் கேட்பது

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுவே விழாவின் உயிர்.

இந்த நடன மரபின் பெரிய கலைஞர்கள் கள ஆய்வாளர்களாகவும் இருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்த காத்ரின் டன்ஹம், 1935-36-இல் ஹெய்ட்டி, ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட் ஆகிய இடங்களுக்குப் போய் நடனங்களைக் கற்றுவந்து, அவற்றிலிருந்து ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார். டிரினிடாட்டில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த பேர்ல் ப்ரைமஸ், 1944-இல் தெற்கு மாநிலங்களுக்குப் போய்க் குத்தகை விவசாயிகளோடு தங்கிப் பருத்தி பறித்தார். அவர்களுடைய தேவாலயங்களில் உட்கார்ந்து, வழிபாட்டில் உடல் எப்படி அசைகிறது என்று கவனித்தார். மேடைக்குப் போகும் முன் மனிதர்களிடம் போவது இவர்கள் வகுத்த பாதை.

அக்டோபருக்குள் ஊரிலுள்ள 70 வயதைக் கடந்த கறுப்பினப் பெரியவர்கள் சிலரைச் சந்தியுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். இளவயதில் எங்கே ஆடப் போனீர்கள்? எந்த இடத்தில் உங்களை உள்ளே விடவில்லை? யார் கற்றுக்கொடுத்தது? அந்த அடியை இப்போது காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பல நேரம் நாற்காலியிலிருந்து எழுந்துதான் பதில் வரும். ஒவ்வொரு ஊருக்கும் தனி ஆட்டம் இருக்கிறது: சிகாகோவில் ஸ்டெப்பின், வாஷிங்டனில் ஹேண்ட் டான்ஸ், பிலடெல்பியாவில் பாப். உங்கள் ஊர்ப் பெரியவர் காட்டும் அந்த அடி மேடையேறினால் விழா அந்த ஊருக்கே உரியதாகிவிடும். காணொளிகளைப் பார்த்து எங்கும் செய்யக்கூடிய பொது நிகழ்ச்சிக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

நான்காம் படி: எந்த நடனங்கள்?

ஒரே மாலையில் நான்கைந்து வடிவங்களுக்கு மேல் வேண்டாம். தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

ரிங் ஷவுட் மிகப் பழையது. பாடகர் ஒருவர் வரியை எடுத்துக்கொடுக்க, பின்னால் நிற்பவர்கள் பதில் பாடி வேறொரு தாளத்தில் கைதட்ட, ஒருவர் கோலால் தரையில் இடித்துத் தாளம் போட, மற்றவர்கள் வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்வார்கள். பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்குவதில்லை. கால்மேல் கால் குறுக்கிடக் கூடாது. அப்படிக் குறுக்கிட்டால் அது உலக நடனம் ஆகிவிடும், வழிபாடாக இராது என்பது அவர்களின் கட்டுப்பாடு. ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் மாவட்டத்தில் ஒரு சிறு சமூகம் இதைத் தலைமுறை தலைமுறையாக டிசம்பர் 31 இரவு வழிபாட்டில் காப்பாற்றி வந்தது. 1980 முதல் அவர்கள் பொது மேடைகளிலும் இதைச் செய்து காட்டுகிறார்கள். இது இன்னும் உயிரோடிருக்கும் வழிபாடு என்பதால், தேவாலயத்தார் முன்னின்று செய்தால் மட்டுமே மேடையில் வையுங்கள்.

ஜெம்பே மேளத்தோடு ஆடும் மேற்கு ஆப்பிரிக்க நடனங்கள் இல்லாத விழா அரிது. இங்கே ஒரு வரலாற்றுப் பிழை வழக்கமாக நடக்கிறது. "அடிமைகளாக வந்தவர்கள் இந்த நடனங்களைக் கொண்டுவந்தார்கள்" என்று தொகுப்பாளர் சொல்லிவிடுவார். கினி, மாலி நாடுகளின் குக்கு, லம்பான் போன்ற நடனங்கள் அமெரிக்க மேடைக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில். சியேரா லியோனைச் சேர்ந்த அசடாடா டஃபோரா 1934-இல் நியூயார்க்கில் ஆப்பிரிக்க நடன நாடகத்தை அரங்கேற்றினார். கினியின் தேசிய நடனக் குழுவின் வருகையும், அதன் மேளக் கலைஞர் லாஜி கமாரா அமெரிக்காவில் தங்கிக் கற்பித்ததும் ஜெம்பேயைப் பரப்பின. விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவை நோக்கி அமெரிக்கக் கறுப்பின மக்கள் கை நீட்டிய காலம் அது. நூல் அறுந்த இடத்தில் தாங்களாகவே முடிச்சுப் போட்டுக்கொண்ட அந்த வரலாறு பொய்க்கதையைவிட எவ்வளவோ பெரியது. அதையே சொல்லுங்கள்.

உலோகத் தகடு பதித்த காலணியால் தரையைத் தட்டி ஆடும் டாப் நடனத்தின் பிறப்பிடங்களுள் ஒன்று நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரி. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1840-களில் 'மாஸ்டர் ஜூபா' என்று புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி லேன், இரண்டு மரபின் கால்வேலையையும் ஒன்றாக்கி ஆடினார். ஊரில் டாப் ஆசிரியர் இருந்தால் பதின்பருவத்தினருக்கு இதைக் கொடுங்கள்.

லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தது. 1926-இல் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அன்றைய அமெரிக்காவில் அது அபூர்வம். அங்கேதான் ஃப்ராங்கி மேனிங் 1935-இல் தன் இணையை முதுகின்மேல் சுழற்றி மறுபக்கம் இறக்கும் வான்தாவலை அறிமுகப்படுத்தினார். வான்தாவலை உங்கள் பயிற்சியற்ற குழு முயல வேண்டாம், கழுத்து முறியும். ஆனால் அதே காலத்து 'ஷிம் ஷாம்' வரிசை ஆட்டம் எளிது. பார்வையாளர்களையும் எழுப்பி நிறுத்திக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஸ்டெப்பிங் கறுப்பினக் கல்லூரி அமைப்புகளின் கலை. கால் மிதி, கைதட்டு, குரல் மூன்றும் சேர்ந்து உடலே மேளமாகும். 1994-இல் தொடங்கிய, வாஷிங்டனைத் தளமாகக் கொண்ட ஸ்டெப் ஆஃப்ரிக்கா குழு இதைத் தொழில்முறை மேடைக்குக் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு சேர்ந்து வளர்ந்த அந்தக் குழு, கம்பூட் நடனத்துக்கும் ஸ்டெப்பிங்குக்கும் உள்ள ஒற்றுமையை உலகுக்குக் காட்டியது. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: ஒவ்வோர் அமைப்புக்கும் தனக்கே உரிய அடிகள், கைச்சைகைகள், நிறங்கள், அழைப்பொலிகள் இருக்கின்றன. உறுப்பினர் அல்லாதவர்கள் அவற்றைச் செய்வது அவமதிப்பு. புதிய அடிகளை அமைத்துக்கொள்ளுங்கள்.

நவீன மேடை நடனமும், 1973-இல் பிராங்ஸில் ஒரு குடியிருப்பின் கூடத்தில் நடந்த விருந்தோடு பிறந்ததாகக் கொண்டாடப்படும் ஹிப்ஹாப்பும் பிள்ளைகளே விரும்பிக் கேட்பவை. அவற்றைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை.

ஐந்தாம் படி: அனுமதிகள்

நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லி 1960-இல் அரங்கேற்றிய 'ரெவலேஷன்ஸ்' உலகம் முழுவதும் தெரிந்த படைப்பு. டெக்சாஸ் கிராமத்துத் தேவாலயத்தில் கழித்த சிறுவயதைத் தன் இரத்த நினைவுகள் என்று சொல்லி அவர் அமைத்தது. நீல வெள்ளைத் துணி ஆறாக விரிய, வெண்குடையோடு ஆடும் காட்சியைப் பார்த்துவிட்டு அதையே அப்படியே செய்ய ஆசைப்படும் குழுக்கள் உண்டு. செய்யக் கூடாது. நடன அமைப்புக்கும் காப்புரிமை உண்டு. ஆனால் அந்தக் காட்சியில் ஒலிக்கும் ஆன்மிகப் பாடல் மக்களின் மரபுப் பாடல். அதற்கு உங்கள் ஆசிரியர் புதிதாக அடவு அமைக்கலாம். தேவாலயப் பாடகர் குழு நேரில் பாடினால் இன்னும் நல்லது, ஏனென்றால் மரபுப் பாடலாக இருந்தாலும் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கும் இசைக்கோப்புக்கும் தனி உரிமை இருக்கும்.

மற்றப் பாடல்களுக்கு அரங்கின் நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். பல அரங்குகள் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற இசை உரிமை அமைப்புகளின் ஆண்டு உரிமம் வைத்திருக்கும். கனடாவில் அது சோகன். அந்த உரிமம் பாடலை அரங்கில் ஒலிக்கவிட மட்டுமே. பாடலை வைத்து நாடகம் போலக் கதை சொன்னாலோ, நிகழ்ச்சியை இணையத்தில் ஒளிபரப்பினாலோ தனி அனுமதி வேண்டும். பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தையும் இதே கட்டத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: ஒத்திகை

சமூக விழாவுக்குத் தேர்வு வைத்து ஆளைக் கழிக்காதீர்கள். வந்தவர்களை வயதால் பிரியுங்கள்: சிறுவர், பதின்பருவத்தினர், பெரியவர், முதியவர். முதியவர்களுக்கு நாற்காலியில் அமர்ந்தே செய்யும் ஜூபா தட்டல் உண்டு. தொடை, மார்பு, கை மூன்றிலும் மாறி மாறித் தட்டும் அந்தக் கலை, மேளம் பறிக்கப்பட்ட காலத்தின் நேர் வாரிசு. முழங்கால் வலியுள்ள ஒருவர் அதைச் செய்யும்போது அரங்கமே அமைதியாகிப் பார்க்கும்.

அக்டோபர் நடுவில் தொடங்கி வாரம் ஒருமுறை, கடைசி மாதம் இருமுறை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். சிறுவர்களுக்கு ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் பாதி மறந்திருக்கும். அதற்கு இடம்விட்டுத் திட்டமிடுங்கள்.

மேளக் கலைஞர்களை ஒத்திகைக்கு நேரில் வரவழையுங்கள், செலவானாலும். மேற்கு ஆப்பிரிக்க நடனத்தில் எண்ணிக்கை வைத்து அடி மாறுவதில்லை. முதன்மை ஜெம்பே கலைஞர் ஒரு குறிப்பிட்ட தாளச் சொல்லை வாசிப்பார். அதைக் கேட்டவுடன் எல்லோரும் அடுத்த அடிக்குப் போவார்கள். பதிவு செய்த இசையில் பழகிய பிள்ளைகள் அந்த அழைப்பைக் கேட்கப் பழகுவதில்லை. மேடையில் மேளக்காரர் உற்சாகத்தில் இரண்டு சுற்று கூடுதலாக வாசித்தால் திகைத்து நின்றுவிடுவார்கள். வகுப்பு முடிந்ததும் ஆடியவர்கள் மேளத்தின் முன் போய்க் குனிந்து தரையைத் தொட்டு நன்றி சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். அதை முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுங்கள்.

ஒவ்வோர் ஒத்திகையிலும் பத்து நிமிடம் கதைக்கு. இந்த அடி எங்கே பிறந்தது, யார் ஆடினார்கள், ஏன். ஏழு வயதுப் பிள்ளையிடம் "நீ ஆடுவது என்ன?" என்று பாட்டி கேட்டால் அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். ஒத்திகை சரியாக நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இன்னொன்று. பிள்ளைகளைச் சங்கிலியில் பிணைத்து, ஏலம் விடுவதுபோலவோ சவுக்கால் அடிப்பதுபோலவோ நடிக்கவைக்காதீர்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். தன் முன்னோரை அப்படி நடிக்கும் கறுப்பினப் பிள்ளைக்கும், எசமானராக நடிக்கும் பிள்ளைக்கும் அது காயம். எய்லியின் படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள்: ஒன்றாக நெருங்கி நின்ற மனிதர்கள், சிறகுகளாக விரியும் கைகள், மேல்நோக்கிய முகங்கள். துயரம் முழுவதும் அதிலேயே வந்துவிடுகிறது.

ஏழாம் படி: தரையும் ஒலியும்

சிமெண்ட்டுத் தளத்தில் டாப்போ, துள்ளல் நடனமோ வேண்டாம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும். அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் நல்லது. பாலே, நவீன நடனங்களுக்கு விரிக்கும் வினைல் விரிப்பின்மேல் டாப் ஷூவோடு ஏறினால் அரங்குக்காரர் அபராதம் கேட்பார். டாப் குழுவுக்குத் தனியாகப் பலகைகள் போடுங்கள். வெறுங்காலில் ஆடுபவர்களுக்குச் சிராய் குத்தாத தரை வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் யாராவது ஒருவர் வெறுங்காலில் மேடை முழுவதும் நடந்து பார்த்துவிடட்டும்.

டாப், ஸ்டெப்பிங், ஜூபா மூன்றிலும் கால்தான் இசைக்கருவி. மேடை விளிம்பில் தரையோடு ஒட்டிய மைக்குகள் இல்லாவிட்டால் பின்வரிசைக்கு அசைவு மட்டும் தெரியும், இசை போகாது. ஜெம்பேக்கு மைக் பெரும்பாலும் தேவைப்படாது. மேளக்காரர்களை மேடைக்குக் கீழே மறைக்காமல், ஆடுபவர்களின் பாதம் அவர்களுக்குத் தெரியும்படி மேடையின் ஓரத்தில் உட்கார வையுங்கள்.

எட்டாம் படி: உடை, ஒப்பனை

யாருடைய தோலையும் கறுப்பாக்கும் ஒப்பனை கூடாது. இதைத் தமிழ் வாசகர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சினிமாவிலும் பள்ளி மேடையிலும் கறுப்பு மை பூசி வேடம் போடுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அமெரிக்காவில் 1830-களிலிருந்து வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். நிறவெறிச் சட்டங்களுக்கு 'ஜிம் க்ரோ' என்று வந்த பெயரே அப்படிப்பட்ட ஒரு மேடைப் பாத்திரத்தின் பெயர். மார்ட்டின் லூதர் கிங்காக ஒரு தமிழ்ப் பிள்ளை நடிக்க நேர்ந்தால், அவன் தன் முகத்தோடேயே நடிக்கட்டும்.

துணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாங்குங்கள். கென்டே நெசவுத் துணி கானாவினுடையது, துணியில் பதிக்கும் அடிங்க்ரா முத்திரைகளும் அங்கிருந்துதான். கினி நடனத்துக்குக் கானாத் துணியைச் சுற்றிவிட்டு 'ஆப்பிரிக்க உடை' என்று பொதுவாகச் சொல்வது 54 நாடுகளை ஒன்றாகக் குழைப்பதாகும். லிண்டி ஹாப்புக்குப் பழைய துணிக்கடையில் கிடைக்கும் சட்டையும் சுழலும் பாவாடையும் போதும். நடனத்துக்கு ஏற்ற தலைமுடி அமைப்பை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் குடும்பமே செய்யட்டும். "எல்லோரும் வழவழப்பாக வாரிக் கொண்டை போட வேண்டும்" என்ற பாலே வகுப்பு விதியை இங்கே கொண்டுவந்து யார் மனத்தையும் புண்படுத்த வேண்டாம்.

ஒன்பதாம் படி: நிகழ்ச்சியின் வரிசை

புரூக்ளினில் சக் டேவிஸ் 1977-இல் தொடங்கிய டான்ஸ்ஆஃப்ரிக்கா விழா ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. ஊர் விழாக்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. அங்கே மூத்தோர் சபை ஒன்று விழாவை வழிநடத்துகிறது. மறைந்த கலைஞர்கள் நினைக்கப்படுகிறார்கள். 2017-இல் மறைந்த டேவிஸ், தான் இருந்தவரை மேடையிலிருந்து "அகோ!" என்று குரல் கொடுப்பார், அரங்கம் முழுவதும் "அமே!" என்று பதில் சொல்லும். வெளிநாட்டிலிருந்து வரும் குழுவோடு அந்த வட்டாரத்து இளைஞர்களும் ஒரே மேடையில் ஆடுகிறார்கள். வெளியே தெருவில் சந்தை.

உங்கள் அரங்கிலும் மூத்தோரை முன்வரிசைக்கு அழைத்து வந்து அமர்த்துவதிலிருந்து தொடங்கலாம். யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது இந்த வரலாற்றில் சிறிய விஷயமில்லை. 1944-இல் கென்டக்கியின் லூயிவில் நகரில், கறுப்பின ரசிகர்களைப் பிரித்து உட்காரவைத்த அரங்கில் ஆடி முடித்த காத்ரின் டன்ஹம், எல்லோரும் ஒன்றாக அமரும் நாள்வரை இங்கே திரும்பமாட்டேன் என்று மேடையிலேயே அறிவித்தார். அடுத்து, கறுப்பின தேசிய கீதம் எனப்படும் 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்'. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதி அவர் தம்பி இசையமைத்த அந்தப் பாடலை, 1900 பிப்ரவரி 12 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 500 பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலில் பாடினார்கள். அது ஒலிக்கும்போது எழுந்து நிற்பது மரபு. முன்னோர் பெயர் சொல்லி நீர் வார்க்கும் சடங்கை வைப்பதா என்பதை அங்குள்ள மூத்தவர்களே முடிவு செய்யட்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் சில அதை விரும்புவதில்லை.

சிறுவர்களின் நடனத்தை முற்பாதியில் வையுங்கள். தரை மாற்ற வேண்டிய நடனங்களை இடைவேளைக்குப் பின் தள்ளுங்கள். பலகை தூக்கும் நேரத்தில் முதியவர்களிடம் பதிவு செய்த குரலை இருட்டில் ஒலிக்கவிடலாம்: "நான் அந்த மாடிக் கூடத்தில்தான் என் கணவரைச் சந்தித்தேன்" என்பது போன்ற ஒரு வரி. தொகுப்பாளர் ஒரு நடனத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. அரசியல்வாதிகளின் வாழ்த்துரையை அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் போட்டுவிடுங்கள். அரங்கம் கைதட்டிக் குரல் கொடுத்துப் பதில் சொல்வதை அடக்காதீர்கள், ஆடுபவர் அதை எதிர்பார்த்துத்தான் ஆடுகிறார். கடைசியில் எல்லோரும் மேடையேறும் ஷிம் ஷாம் அல்லது வட்ட ஆட்டம். ஆடத் தெரிந்தவர் ஒவ்வொருவராக வட்டத்தின் நடுவே வந்து போகட்டும்.

பத்தாம் படி: அன்றும் அதன் பிறகும்

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் முழு உடை ஒத்திகை. அன்று ஒலி, விளக்குக் குறிப்புகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நிகழ்ச்சி நாளில் தண்ணீர், பழம், பிளாஸ்திரி, கூடுதல் ஷூக்கயிறு, ஒவ்வொரு வயதுக் குழுவுக்கும் மேடைக்குப் பின்னால் ஒரு பொறுப்பாளர். சக்கர நாற்காலிக்கான வழியில் பாட்டுப் பெட்டிகளை வைக்காதீர்கள்.

ஊதியத்தை அன்றிரவே கையில் கொடுங்கள். முதியவர்களின் ஒலிப்பதிவு, புகைப்படங்கள், நிகழ்ச்சி நிரல், யார் எந்த அடியை யாரிடம் கற்றார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றின் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கு, ஒன்றைத் தேவாலயத்துக்கு, ஒன்றை அந்தந்தக் குடும்பத்துக்கு. இரண்டு வாரத்துக்குள் குழுவைக் கூட்டி, கறுப்பினக் குடும்பங்கள் என்ன சொல்கின்றன என்று முதலில் கேளுங்கள். எந்த இடத்தில் மனம் நெருடியது, எந்தப் பெயர் விட்டுப்போனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரை இனி பிப்ரவரிக்கு மட்டும் அழைக்காமல், அடிமைமுறையின் முடிவைக் கொண்டாடும் ஜூன் 19 ஜூன்டீன்த் விழாவுக்கும் கோடைகால வாராந்திர வகுப்புக்கும் கேட்டுப் பாருங்கள். அரங்குக்காரரிடம் அடுத்த பிப்ரவரியின் ஒரு சனிக்கிழமைக்கு முன்பணம் கட்டி, ரசீதைச் செயலாளரிடம் கொடுங்கள்.